தோல் புற்று ஆபரேஷனுக்குப் பிறகு: மதுரை டாக்டர் எதைப் பார்க்கணும், உள்ளூர் டாக்டர் எதைப் பார்க்கணும்?

தோல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பியவர் காதில் இரண்டு பேச்சு விழும். "அதான் அறுத்து எடுத்தாச்சுல்ல, இனி என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்பது ஒன்று. "காயமோ காய்ச்சலோ, எதுன்னாலும் மதுரைக்கே போயிரு. இங்க உள்ள டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்பது மற்றொன்று. முதல் பேச்சை நம்பியவர் எந்தப் பரிசோதனைக்கும் போவதில்லை. இரண்டாவதை நம்பியவர் முதல் ஆண்டு ஒழுங்காகப் போவார். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். போகவர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். இரண்டாம் ஆண்டு தவணை தவறும், மூன்றாம் ஆண்டு நின்றேவிடும். கடைசியில் இருவரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. "இனிமே உங்க ஊர் டாக்டர்கிட்டயே காட்டிக்கங்க" என்று பெரிய ஆஸ்பத்திரியில் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவது. நிபுணரும் குடும்ப டாக்டரும் சேர்ந்து பார்ப்பது என்றால் இதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சேர்ந்து பார்ப்பது இல்லை, கைகழுவுவது.

கூட்டுக் கண்காணிப்பு என்பது வேறு. யார், எந்த மாதத்தில், உடம்பின் எந்த இடத்தை, எதற்காகப் பார்ப்பது. சந்தேகம் வந்தால் எத்தனை நாளுக்குள் யாரிடம் திருப்பி அனுப்புவது. இவ்வளவும் எழுத்தில் இருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். எழுத்து இல்லாவிட்டால் ஏற்பாடும் இல்லை.

ஓடாவி வேலை, வல்லக்காரர் வேலை

வல்லம் என்கிற மரப்படகில் ஒரு பலகை உளுத்துப்போனால் கரையேற்றி, படகு கட்டும் ஆசாரியான ஓடாவியைக் கூப்பிடுகிறோம். உளுத்த துண்டை மட்டும் வெட்டினால் போதாது என்று அவருக்குத் தெரியும். சுற்றிலும் நல்ல மரம் தெரியும்வரை கொஞ்சம் சேர்த்தே வெட்டுவார். புதுப் பலகை வைத்து, இடுக்கை அடைத்து, கடலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு தினமும் வந்து பார்ப்பது அவர் வேலை இல்லை, வல்லக்காரர் வேலை. ஒட்டுப்போட்ட இடம் கசிகிறதா, பக்கத்துப் பலகைக்கு உளுப்பு இறங்கியிருக்கிறதா, வேறெங்காவது புதிதாக விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று தென்பட்டாலும் தானே எதையாவது பூசிச் சமாளிக்க மாட்டார், ஓடாவிக்கு ஆள் அனுப்புவார்.

அறுவை மருத்துவர் ஓடாவி. உள்ளூர் டாக்டரும் நோயாளியும் வல்லக்காரர்கள். ஓடாவியைவிட வல்லக்காரருக்கு மரவேலை குறைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்க மரவேலை தெரிய வேண்டியதில்லை. எங்கே வெட்டினார்கள், எது பழைய கறை, எது புதிய கறை என்று தெரிந்தால் போதும்.

உவமை ஓரிடத்தில் முறிகிறது. பலகையின் உளுப்பு தாவி, படகின் முன்முனையான அணியத்துக்குப் போகாது. புற்று தாவும். எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நம்ம தோலுக்கும் இது வருமா?

"கறுத்த தோலுக்குத் தோல் புற்று வராது" என்பது பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி வெயிலின் புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. அதனால் வெள்ளைத் தோல் மக்களோடு ஒப்பிட்டால் நம்மிடம் தோல் புற்று மிகக் குறைவு. இல்லை என்று அர்த்தமில்லை. நம்மிடம் அது வேறு இடத்தில், வேறு முகத்தோடு வருகிறது. அதனாலேயே அடையாளம் தெரியாமல் தாமதமாகிறது.

வகைகள் முக்கியமாக மூன்று. பேசல் செல் கார்சினோமா தோலின் அடி அடுக்கில் தோன்றும். பெரும்பாலும் முகத்தில், பளபளப்பான ஓரம் கொண்ட சிறு புடைப்பாக வரும். நம் தோலில் அது கறுத்திருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். மெல்ல வளரும், வேறிடத்துக்குத் தாவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டால் மூக்கையும் இமையையும் தின்னும்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா தோலின் மேலடுக்கில் தோன்றுவது. இந்தக் கரைக்கு இதுதான் முக்கியம். நம் தோலில் இது வெயில் பட்ட இடத்தைவிடப் பழைய தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் முளைக்கும். சீமைக் கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறவர்களின் தீக்காயத் தழும்பு, பதனீர் காய்ச்சும்போது கொட்டிக்கொண்ட காயத்தின் தழும்பு, சர்க்கரை நோயாளியின் காலில் மாறாமல் கிடக்கும் புண் எல்லாம் இதற்கு நிலம். இருபது முப்பது ஆண்டுகள் சும்மா இருந்த தழும்பு ஒருநாள் வெடித்து, ஓரம் தடித்து, காலிஃபிளவர் போலச் சதை கிளம்பினால் அது "திரும்பப் புண்ணாயிருச்சு" இல்லை.

மூன்றாவது மெலனோமா. நிறமியை உண்டாக்கும் செல்லிலேயே வரும் புற்று. மூன்றிலும் கொடியது, சீக்கிரம் தாவுவது. நம் மக்களுக்கு இது அதிகமும் வருவது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும். அந்த இடங்களில் வெயிலுக்குப் பெரிய பங்கில்லை. சன்ஸ்கிரீன் பூசி உள்ளங்கால் மெலனோமாவைத் தடுக்க முடியாது. பிறவியிலேயே நிறமியில்லாமல் வெளுத்த தோலும் முடியும் கொண்டவர்கள்தான் இதற்கு விலக்கு: அவர்களுக்கு வெயில் உண்மையான எதிரி, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் ஆயுள் முழுக்க வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்களை அவர்களோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம், அது வேறு சங்கதி.

முள் நிறைந்த மாவட்டம் நம் ராமநாதபுரம். உள்ளங்காலில் ஒரு கறுப்புத் தடம் இருந்தால் "கருவ முள்ளு ஏறுன தடம்" என்போம். பெருவிரல் நகம் கறுத்தால் "கல்லுல இடிச்சது" என்போம். பெரும்பாலும் அது சரிதான். முள் தடம் சில வாரங்களில் மங்கும், இடிபட்ட நகத்தின் ரத்தக்கறை நகத்தோடு முன்னால் நகர்ந்து வெளியேறும். மங்காமல் விரிவது, நகராமல் அகலமாவதுதான் சந்தேகத்துக்குரியது.

சுருக்கமாக: முகத்தில் கறுத்த புடைப்பு, பழைய தழும்பில் புதிய புண், உள்ளங்காலில் விரியும் கறுப்பு. நம் கரையில் தோல் புற்று இந்த மூன்று வேஷத்தில் வரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு எதைத் தேடுகிறோம்?

புற்றை எடுக்கும்போது சுற்றிலும் நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். இதற்கு விளிம்பு என்று பெயர். மெலனோமாவில் விளிம்பின் அளவு புற்றின் தடிமனைப் பொறுத்தது: 1 மி.மீ. வரை தடிமன் என்றால் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ., இடைப்பட்டதற்கு 1 முதல் 2 செ.மீ. தடிமன் என்பது மேலே தெரியும் அகலம் இல்லை, தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. நகத்தின் கனமே அரை மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும், அந்தக் கணக்கில்தான் இங்கே உயிர் நிற்கிறது. எடுத்த சதையைச் சோதித்துத் தரும் பயாப்சி ரிப்போர்ட்டில் நோயாளி கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. தடிமன் எவ்வளவு? விளிம்பில் புற்று இல்லை என்று எழுதியிருக்கிறதா?

அதன் பிறகு தேடுவது மூன்று. தழும்பிலோ அதன் ஓரத்திலோ திரும்ப வருவது முதலாவது. நெறிக்குத் தாவுவது இரண்டாவது. நெறி என்பது நிணநீர் ஓடும் பாதையில் இருக்கும் சிறு முடிச்சு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் கட்டுமே, அதுதான். வலை மடியில் மீன் தங்குவது போல, தோலிலிருந்து பிரிந்து போகும் புற்றுச் செல் முதலில் அங்கேதான் தங்கும். கால் என்றால் தொடை இடுக்கு, கை என்றால் அக்குள், முகம் என்றால் காதுக்கு முன்புறமும் தாடைக்கு அடியும் கழுத்தும். மூன்றாவது, உடம்பில் வேறொரு இடத்தில் புத்தம் புதிதாக இன்னொரு புற்று. ஒன்று வந்தவருக்கு மற்றொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இந்த மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டியது கண்ணும் விரலும் நல்ல வெளிச்சமும். ஆரம்பக் கட்டத்தில் எடுத்துவிட்ட தோல் புற்றுக்கு, தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு, ஆண்டுதோறும் ஃபுல் பாடி ஸ்கேன் தேவையில்லை. ஆரம்பக் கட்டத் தோல் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் இல்லை. மாஸ்டர் செக்கப் பேக்கேஜுக்குப் பல ஆயிரம் கட்டிவிட்டு, உள்ளங்காலை யாருமே திருப்பிப் பார்க்காமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அந்தப் பணத்தில் பல ஆண்டுகளுக்கு உள்ளூர் கிளினிக் ஃபீஸ் கட்டலாம்.

வேலையைப் பிரிப்பது

நோயின் வகையை முடிவுசெய்வது, ஆபரேஷன், திரும்ப வந்தால் என்ன சிகிச்சை என்பது, சந்தேகமான நெறியில் ஊசி போட்டுச் செல் எடுப்பது ஆகியவை நிபுணர் வேலை. தவணைப்படி கண்ணாலும் விரலாலும் பார்ப்பது, கால் வீக்கத்தையும் சர்க்கரையையும் கவனிப்பது, நோயாளிக்குத் தன்னைத்தானே பார்க்கக் கற்றுக்கொடுப்பது, சந்தேகம் வந்ததும் திருப்பி அனுப்புவது ஆகியவை குடும்ப டாக்டர் வேலை. இங்கே குடும்ப டாக்டர் என்பது தெருவில் கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டராகவும் இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலராகவும் இருக்கலாம். மெடிக்கல் கடைக்காரர் இதில் சேர மாட்டார்.

குடும்ப டாக்டரால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். மெலனோமா எடுத்த 142 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைக் குடும்ப டாக்டர்களும் மறு பிரிவை வழக்கம்போல் ஆஸ்பத்திரியும் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. குடும்ப டாக்டரிடம் போனவர்களுக்குத் திருப்தி அதிகமாக இருந்தது, தவணைப்படி பார்ப்பதும் அங்கேதான் ஒழுங்காக நடந்தது. ஆனால் அந்த டாக்டர்களுக்கு முன்பே பயிற்சி கொடுத்திருந்தார்கள், சந்தேகம் என்றால் நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தனி வழியும் இருந்தது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு "அங்க பண்றாங்க, இங்கயும் பண்ணலாம்" என்பது பாய்மரம் இல்லாமல் பாயை மட்டும் வாங்கி வருவது போலத்தான்.

தவணை நோயின் வகையைப் பொறுத்தது. ஆரம்பக் கட்ட மெலனோமாவுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை என 5 ஆண்டுகள், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்பது உலகில் பரவலாக உள்ள வழக்கம். பேசல் செல்லுக்கும் ஏறத்தாழ இதே கணக்கு. ஸ்குவாமஸ் செல் திரும்ப வருமானால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் வந்துவிடும். அதனால் ஆபத்து அதிகமுள்ளவர்களை அந்தக் காலத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். பிரிப்பது மாற்றி மாற்றி இருந்தால் நல்லது. 3ஆம் மாதம் மதுரை, 6ஆம் மாதம் உள்ளூர், 9ஆம் மாதம் மதுரை, 12ஆம் மாதம் உள்ளூர் என்று வைத்தால் மதுரைப் பயணம் பாதியாகும். பரிசோதனையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது.

எல்லோரையும் பிரிக்க முடியாது. விளிம்பில் புற்று மிச்சம் இருப்பவர், நெறிக்கு ஏற்கெனவே தாவியவர், சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர், சிறுநீரக மாற்று செய்து எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் முழுக்க நிபுணரிடமே இருக்க வேண்டும். அவர்களுக்குப் பஸ் செலவைப் பார்க்க வேண்டாம்.

ஒரு பக்கக் கடிதம்

கூட்டுக் கண்காணிப்பின் முதுகெலும்பு ஒரே ஒரு பக்கம். டிஸ்சார்ஜ் சம்மரி இதற்குப் போதாது. அதில் என்ன செய்தார்கள் என்று இருக்கும், இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று இருக்காது. மாதிரிக்கு ஒன்று:

"வயது 58, பெண், கடல்பாசி எடுக்கும் தொழில். மெலனோமா, இடது உள்ளங்கால், குதிகாலுக்கு முன்னால் 3 செ.மீ. தடிமன் 0.6 மி.மீ., மேற்புறம் புண்ணாகவில்லை. 1 செ.மீ. விளிம்போடு எடுத்தோம், விளிம்பில் புற்று இல்லை. ஸ்கேன் தேவையில்லை. இடது தொடை இடுக்கில் 1 செ.மீ. நெறி ஒன்று உள்ளது, மெத்தென்று நகர்கிறது, ஆபரேஷனுக்கு முன்பிருந்தே உண்டு. தழும்பின் படம் இணைத்துள்ளோம். 6ஆம் மாதம் உங்களிடம், 12ஆம் மாதம் எங்களிடம், இப்படியே 5 ஆண்டுகள். தழும்பில் புதிய கறுப்பு அல்லது முடிச்சு, தழும்புக்கும் தொடைக்கும் நடுவே தோலடியில் பயறு போன்ற கட்டி, 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்த அல்லது கெட்டிப்பட்ட நெறி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கீழே உள்ள எண்ணில் பேசுங்கள். 2 வாரத்துக்குள் பார்க்கிறோம்."

இதில் எல்லோரும் விட்டுவிடும் வரி நெறியைப் பற்றியது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள், பாறையிலும் சிப்பியிலும் கால் கிழிகிறவர்கள் ஆகியோருக்குத் தொடை இடுக்கில் எப்போதும் ஒன்றிரண்டு நெறி தட்டுப்படும். அது நோயில்லை. புற்று எடுத்த நாளில் அது எவ்வளவு இருந்தது என்று யாரும் எழுதிவைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும் டாக்டர் ஒன்று வீணாகப் பயப்படுவார், அல்லது "இது இந்தப் பக்கம் எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று அசட்டையாக விடுவார். பழைய அளவு இருந்தால்தான் புதிய அளவுக்கு அர்த்தம்.

இடமா வலமா என்பதையும் சொல்லியாக வேண்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோலை வையுங்கள். காசு வைக்காதீர்கள், ஒரு ரூபாய்க் காசே பல அளவில் வந்திருக்கிறது.

கடிதம் நோயாளி கையில்தான் இருக்க வேண்டும். சுகாதார நிலைய டாக்டர் மாறிப்போவார், பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் உட்கார்ந்திருப்பார். மாறாதவர் நோயாளி ஒருவர்தான். உப்புக்காற்றில் காகிதம் நைந்துவிடும், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். வழவழவென்று இருக்கும் தெர்மல் தாளில் அச்சிட்ட ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும்.

கிளினிக்கில் கால் மணி நேரம்

தழும்பை எட்டிப் பார்த்து "நல்லாருக்கு" என்பது பரிசோதனை இல்லை. சரியாகச் செய்தால் கால் மணி நேரம் பிடிக்கும்.

காலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல வேண்டும். சேறும் வெடிப்பும் உள்ள உள்ளங்காலில் எதுவும் தெரியாது. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் தடித்த தோல் இளகும். ஜன்னல் வெளிச்சம் அல்லது டார்ச். முதலில் தழும்பைப் பார்த்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, பிறகு அதன்மேல் விரலை மெல்ல ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முடிச்சு விரலுக்குத் தெரியும். அங்கிருந்து கெண்டைக்கால் வழியாக மேலே தடவிக்கொண்டே போய் முழங்கால் மடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகாலின் வெளிப்பக்க நிணநீர் சிலருக்கு அங்கே வந்து சேர்வதால் அந்த இடத்தைத் தாண்டிவிடக் கூடாது.

தொடை இடுக்கில் மூன்று விரல் நுனியைத் தட்டையாக வைத்து, உள்ளே இருப்பதைத் தோலோடு சேர்த்து மெல்ல உருட்ட வேண்டும். விரலால் குத்தினால் தெரியாது. வேகவைத்த பட்டாணி போல மெத்தென்று நழுவுவது சாதாரண நெறி. புளியங்கொட்டை போலக் கெட்டியாக, வலியில்லாமல், அடியோடு ஒட்டி நகராமல் இருப்பது சந்தேகத்துக்குரியது. வலிக்கும் நெறியைவிட வலிக்காத நெறிக்கே அதிகம் கவலைப்பட வேண்டும் என்பதை நோயாளிகள் நம்ப மறுப்பார்கள். "வலியே இல்லயே டாக்டர், அப்புறம் என்ன?" என்பார்கள். "வலி இல்லாததாலதாம்மா கேக்குறேன்" என்பதே சரியான பதில். பெண்களைப் பரிசோதிக்கும்போது செவிலியர் கூட இருக்கட்டும். கூச்சத்தால் தொடை இடுக்கைக் காட்டாமலே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு மறு கால். மெட்டியைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கு, அதன் பின் இருபது நகங்கள். பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு நம் மக்களுக்குச் சாதாரணம். ஒரே நகத்தில் மட்டும், அதுவும் கட்டைவிரலில், 3 மி.மீ.க்கு மேல் அகலமாகி, நகத்தடித் தோலுக்கும் கறுப்பு இறங்கியிருந்தால் அனுப்பிவைக்க வேண்டும். நகத்தில் மருதாணி இருந்தால் ஒன்றும் தெரியாது. கல்யாணம், பெருநாள் வருகிறது என்றால் மருதாணி வைப்பதற்கு முன்பே வரச் சொல்லலாம். முகத்தில், காதுக்குப் பின்னால், தலைமுடிக்கடியில், உதட்டில், முதுகில் என்று மீதியைப் பார்த்து, கண்டதை நோயாளியின் கடிதத்துக்குப் பின்பக்கமே தேதியோடு எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

சுருக்கமாக: தழும்பு, பாதை, நெறி, மற்ற இடங்கள், எழுத்து. இந்த வரிசை மாறாமல் பார்த்தால் எதுவும் விடுபடாது.

எங்கே கோட்டை விடுகிறோம்?

மருவையும் மச்சத்தையும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்து எரிப்பது இன்னும் நடக்கிறது. சில கிளினிக்குகளில் சுட்டு எடுக்கிறார்கள். ஏற்கெனவே தோல் புற்று வந்தவருக்கு இரண்டும் கூடவே கூடாது. எரித்துவிட்டால் பயாப்சிக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. மேலே ஆறியது போல மூடிக்கொண்டு அடியில் வளரும். அறுத்து எடுத்த எதையும் குப்பையில் போடக் கூடாது. சலைன் பாட்டிலில் போட்டு அனுப்பினால் வழியிலேயே கெட்டுவிடும். சதையின் அளவைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் மூழ்க வைத்து அனுப்ப வேண்டும்.

அடுத்தது ஆன்டிபயாட்டிக். நெறி கட்டியிருக்கிறது, காலில் சிறு காயமும் இருக்கிறது என்றால் ஒரு தடவை மருந்து கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. 2 வாரத்தில் சுருங்காவிட்டால் இரண்டாவது கோர்ஸ் எழுதக் கூடாது. மாத்திரை மாற்றி மாற்றி மூன்று மாதத்தைக் கரைப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு. அந்த நெறியை உள்ளூரிலேயே அறுத்து எடுக்கவும் வேண்டாம். முதலில் ஊசியால் செல் எடுத்துப் பார்க்க வேண்டும், அவசரப்பட்டு அறுத்தால் பின்னால் செய்ய வேண்டிய பெரிய ஆபரேஷன் சிக்கலாகும்.

நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களுக்குக் கால் வீங்கும். வீங்கிய காலில் ஒரு சின்னக் கீறல்கூட ஒரே இரவில் சிவந்து, காய்ச்சலாகிவிடும். இது புற்று திரும்பியதன் அறிகுறி இல்லை, தோலடித் தொற்று. உள்ளூர் டாக்டர் அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும், மதுரைக்கு அனுப்பி ஒரு நாளை வீணாக்கக் கூடாது. இவர்கள் செருப்பில்லாமல் கடற்கரையில் இறங்கவே வேண்டாம்.

நேர்மாறான ஒன்றும் உண்டு. மெலனோமாவுக்கு இம்யூனோதெரபி என்ற ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புசக்தியின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டுப் புற்றைத் தாக்க வைக்கும் மருந்து அது. அவிழ்ந்த எதிர்ப்புசக்தி சில சமயம் சொந்தக் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்கும். அந்த ஊசி போட்டவருக்கு வயிற்றோட்டம் என்றால் "மீன் ஒத்துக்கலை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ஊசியை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தாலும் இது வரலாம். மூச்சிரைப்பு, விடாத சோர்வு, வயிற்றோட்டம், எதுவானாலும் அன்றே நிபுணருக்குப் போன் போட வேண்டும். நோயாளியும் எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்கு இம்யூனோதெரபி ஊசி போட்டிருக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, "அவங்க பாத்திருப்பாங்க" என்பது. நிபுணர் தழும்பைப் பார்த்தார், நெறியை உள்ளூரில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார். உள்ளூர் டாக்டரும் அப்படியே நினைத்தார். ஒவ்வொருவர் பார்த்ததையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதினால் இந்த ஓட்டை தானாக அடைபடும்.

வீட்டில்

மாதம் ஒருமுறை போதும். அமாவாசையோ, ரேஷன் வாங்கும் நாளோ, மறக்காத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். குளித்ததும் பகல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காட்டுங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை போதும். சின்னக் கண்களுக்கு மாற்றம் சீக்கிரம் தெரியும். போனில் ஒரு படம் எடுத்துப் போன மாதப் படத்தோடு வைத்துப் பாருங்கள். தொடை இடுக்கை நோயாளியே தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். நிறம் மாறுதல், ரத்தம் கசிதல், பெரிதாதல், மாதக்கணக்கில் ஆறாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தவணை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தவணைத் தேதியைத் தொழிலோடு ஒட்டி வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மதுரைப் பரிசோதனையை வைத்தால் கடலுக்குப் போக டோக்கன் கிடைக்கும் நாளும் போகாது, கூலியும் போகாது. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி குறிக்கும்போதே இதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் தள்ளி வரும் உள்ளூர்ப் பரிசோதனை அப்போது மழைக்காலத்தில் விழும். ஈரத்தில் ஊறிய கால் வெளுத்து வெடித்திருக்கும், பழைய படத்தோடு பார்த்தால் வேறு கால் போலத் தெரியும். கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள் மாலையிலிருந்தே காலை ஈரம் படாமல் காயவிட்டுக்கொண்டு போங்கள்.